சுடாத பாதம்

தோவாளை
3.3.2025

அன்புள்ள தங்கை லலிதகுமாரிக்கு,

அண்ணன் பகவதியப்பன் எழுதுகிறேன். இங்கே நானும் உன் மைனி பார்வதியும் சினைப்பசுவும் சுகம். உன் இடுப்பு வலி தேவலையா? வேலைக்கு நடுவே நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்ததாகப் பார்வதி சொன்னாள். முப்பது வருஷம் நெல் மில்லில் நின்ற காது இது. போனில் யார் பேசினாலும் மில் ஓடுவது மாதிரித்தான் கேட்கிறது. எழுதினால்தான் எனக்கு உன்னோடு பேசின மாதிரி இருக்கும்.

இந்த வருஷச் சிவாலய ஓட்டம் முடிந்தது. எனக்கு இது இருபத்திரண்டாவது. முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி, பன்னிரண்டு கோயிலும் கும்பிட்டு, திருநட்டாலத்தில் முடித்தோம். நூற்றுப் பத்து கிலோமீட்டர், வெறுங்காலோடு. உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் இந்த முறை நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சிவராத்திரி அன்று நண்பகல். பன்னிப்பாகம் தாண்டிக் கல்குளம் போகும் வழி. தார் இளகிக் கிடந்தது. கூட வந்த இளவட்டங்கள்கூட ரோட்டோரப் புல்லைத் தேடித் துள்ளினார்கள். என்னோடு ஓடிவந்த வள்ளிநாயகம் கையிலிருந்த ஓலை விசிறியைக் கீழே போட்டு அதன்மேல் ஏறி நின்றுகொண்டான். "வேய், எனக்குத் தீயா சுடுகு. உமக்குச் சுடலியா?" என்று என் காதில் கத்தினான். அப்போதுதான் எனக்கே உறைத்தது. லலிதா, எனக்குச் சுடவில்லை. ஈர வரப்பில் நடப்பது போல நடந்துகொண்டிருந்தேன். என் பாதங்களை வேறு யாரோ தாங்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. நடுரோட்டில் நின்று அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பார்வதி கால் கழுவிவிட்டாள். இடது காலில், பெருவிரலுக்கு அடுத்த விரலுக்குக் கீழே, ஒரு ஆணித் துண்டு ஏறியிருந்தது. எங்கே ஏறியது என்றே தெரியாது. பிடுங்கியபோதும் ஒரு பொட்டு வலி இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஓடினவனை அவன் கைவிடவில்லை என்றுதானே இதற்கு அர்த்தம்?

உனக்கும் சேர்த்துத் திருநீறு வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் நலமே நாடும் அண்ணன்,
பகவதியப்பன்


திருவண்ணாமலை மாவட்டம்
10.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். என் இடுப்பு பரவாயில்லை. மைனியை மிகவும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நீங்கள் ஓட்டத்தை முடித்தது சந்தோஷம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வார்டுக்குப் போனேன், திரும்பி வந்து மறுபடி படித்தேன். அண்ணா, வள்ளிநாயகம் அண்ணன் கால் சுட்டது நல்லது. உங்கள் கால் சுடாததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இருபத்தாறு வருஷமாகத் தொழுநோயாளிகளின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவள் நான். உணர்ச்சி போன கால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு அந்த நோய் இல்லை. ஆனால் பதினான்கு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரையும் அதே வேலையைச் செய்யும். இப்போது எங்கள் வார்டில் பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள்தான்.

ஒன்று செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, மைனியைப் பஞ்சுத் திரியால் உங்கள் பாதத்தில் அங்கங்கே தொடச் சொல்லுங்கள். எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று எழுதுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை எவ்வளவு? ஆணி குத்திய இடம் ஆறிவிட்டதா? அதில் நீர் கசிந்தாலோ, சிவந்தாலோ, வீங்கினாலோ, வாடை வந்தாலோ, ஒரு கால் மற்றதைவிடச் சூடாக இருந்தாலோ, தோல் கறுத்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. இதெல்லாம் இல்லாவிட்டாலும், ஆணி ஏறியது தெரியாமல் நடந்தீர்களே, அதற்காகவே கால் டாக்டரைப் பார்க்க வேண்டும். நாகர்கோவிலில் பாருங்கள். இல்லையென்றால் இங்கே வாருங்கள்.

உடனே பதில் போடுங்கள்.

அன்புத் தங்கை,
லலிதா


தோவாளை
2.4.2025

லலிதாவுக்கு அண்ணன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம்.

கும்பப்பூ அறுப்பு முடிந்தது. இந்த முறை நெல் மணி திரட்சி. வைக்கோல் போர் போட ஆள் கிடைக்கவில்லை, வள்ளிநாயகமும் நானுமே போட்டோம். பிச்சிப்பூ விலை ஏறி இறங்குகிறது. சார்ஜாவிலிருந்து மகன் அனில்குமார் வாராவாரம் பேசுகிறான். பார்வதிதான் பேசுகிறாள், நான் அவன் முகத்தைப் பார்க்கிறேன்.

நீ நோயாளிகளோடேயே இருந்து இருந்து எல்லாவற்றையும் நோயாகவே பார்க்கிறாய். நான் ஒரு அருளைச் சொன்னேன், நீ அதைப் பஞ்சுத் திரியால் சோதிக்கச் சொல்கிறாய். நம் வீட்டுக் காலை உன் ஆஸ்பத்திரிக்காரர்கள் காலோடு சேர்க்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பகவதியப்பன்


திருவண்ணாமலை மாவட்டம்
8.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வைக்கோல் போர் போட்டீர்களா? அப்படியானால் காலில் செருப்பு இருந்திருக்காது.

நான் இங்கே சேர்ந்த வருஷம் ஒருவர் வந்தார். மனைவியும் மகளும் கூட வந்திருந்தார்கள். வீட்டுப் பெட்டிச் சாவி தொலைந்துபோய், மூன்று நாள் வீடு முழுக்கத் தேடியிருக்கிறார்கள். அவர் செருப்பை நான்தான் கழற்றினேன். சாவி அதற்குள் இருந்தது. மூன்று நாள் அதன்மேலேயே நடந்து சாவியைத் தேடியிருக்கிறார். பாதத்தில் சாவியின் பல் எல்லாம் அச்சாகப் பதிந்திருந்தது. சாவி கிடைத்ததென்று அந்த அம்மா சிரித்தார், அப்புறம் காலைப் பார்த்தார்.

அன்று என் அறைக்குப் போய் என் குதிகாலில் ஊசியால் குத்திப் பார்த்தேன். சுருக்கென்றது. அதுவரை வலியை நான் ஒரு தொல்லையாகத்தான் நினைத்திருந்தேன். நாம் கூப்பிடாமலேயே பிறந்ததிலிருந்து நம்மோடு நடக்கிற காவல் அது. வாழ்நாள் முழுக்க ஒரு நொடிகூட அது தூங்குவதில்லை. கடவுள் கொடுத்தது என்றால் அதுதான் அண்ணா.

உங்கள் கடிதத்தில் நெல்லைப் பற்றி மூன்று வரி இருக்கிறது. ஆணி குத்திய இடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

லலிதா


தோவாளை
21.4.2025

லலிதாவுக்கு மைனி பார்வதியம்மாள் எழுதுகிறேன். நான் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. போனில் சொல்லலாம் என்றால், பேசத் தொடங்கினால் எனக்கு அழுகை வந்துவிடும். காது கேட்காவிட்டாலும் முகத்தைப் பார்த்து அவர் கண்டுபிடித்துவிடுவார்.

முன்பெல்லாம் கால் கழுவிவிடச் சொல்லுவார். இப்போது கதவைச் சாத்திக்கொண்டு தானே கழுவிக்கொள்கிறார். வெயில் காலத்தில் காலுறை போட்டிருக்கிறார். துவைக்கப் போட்ட காலுறையில் செத்த எலி வாடை.

நேற்று மத்தியானம் தூங்கும்போது என் கொண்டை ஊசியால் உள்ளங்காலில் குத்தினேன். முதலில் மெதுவாக. அப்புறம் நன்றாகவே குத்தினேன் லலிதா. அவர் குறட்டை நிற்கவில்லை. வெளியே வந்து தொழுவத்தில் நின்றுகொண்டேன்.

என்ன செய்யட்டும், சொல்லு.

பார்வதி


திருவண்ணாமலை மாவட்டம்
23.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் என்னோடு வேலை செய்கிறவர்களும் நலம். அங்கே மழை பெய்ததா?

எனக்கு ஒரு ஆசை. இருபத்தாறு வருஷமாக நான் இருக்கும் இடத்தை என் வீட்டிலிருந்து யாரும் வந்து பார்த்ததில்லை. இங்கே ஒவ்வொரு நர்ஸுக்கும் யாராவது வருகிறார்கள். பழம் வாங்கி வருகிறார்கள், தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள். எனக்கு இன்னும் சில வருஷம்தான் சர்வீஸ் இருக்கிறது.

ஒரே ஒரு முறை வாருங்கள் அண்ணா. சனிக்கிழமை ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வள்ளிநாயகம் அண்ணன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். சினைப்பசுவை விட்டு மைனி வர முடியாது என்று எனக்குத் தெரியும். கல்தூணும் மாமரமுமாக இந்த இடம் நன்றாக இருக்கும்.

லலிதா


திருவண்ணாமலை மாவட்டம்
6.5.2025

பார்வதிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். கன்று போட்டதாக வள்ளிநாயகம் சொன்னான். கிடாரி என்றதும் சந்தோஷம். முதல் மூன்று நாள் சீம்பால் பூராவும் கன்றுக்கே விட்டாயா?

காய்ச்சல் வந்தாலோ சிவப்பு மேலே ஏறினாலோ காத்திருக்காமல் நாகர்கோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று லலிதா உனக்குப் போனில் சொன்னாளாமே. வள்ளிநாயகம் ரயிலில் உளறிவிட்டான். நீ எழுதினதும் கொண்டை ஊசியும் எனக்குத் தெரியும். கோபம் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். இங்கே கால் பார்க்கும் டாக்டர் ரெஜிஷா என்று ஒரு பெண். நம் மாவட்டத்து இனயம் ஊர்க்காரி, அப்பா கடலுக்குப் போகிறவர். நம் பேச்சுதான். என் காது பக்கம் குனிந்து, "கண்ண மூடுங்க மாமா. நான் ஒரு நரம்பு வச்சுத் தொடுவேன். தெரிஞ்சா ஆமான்னு சொல்லுங்க" என்றாள். தூண்டில் நரம்பு மாதிரி ஒன்று கையில் வைத்திருந்தாள். மூடினேன். காத்திருந்தேன். சன்னல் வழியே வந்த காற்று முகத்தில் படுவதுகூடத் தெரிந்தது. ஆனால் அவள் தொடவே இல்லை. "ஏன் மக்கா, இன்னும் ஆரம்பிக்கலியா?" என்று கேட்டேன்.

அவள் என் தோளில் கை வைத்தாள். "பத்து இடம் தொட்டாச்சு மாமா."

பார்வதி, எனக்குக் காது மட்டும்தான் போனது என்று நினைத்திருந்தேன். காலும் செவிடாகிவிட்டது, அது எனக்குத் தெரியவே இல்லை. அந்தத் தார் ரோட்டில் நான் அழுதது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, கண்ணைத் திறந்து என் காலைப் பார்த்தபோது, அறுபத்தொரு வருஷம் என்னோடு இருந்ததை முதன்முதலாகப் பார்க்கிற மாதிரி இருந்தது.

ஆணி குத்திய துளை வழியாக ஒரு கம்பியை விட்டாள். அது போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எலும்பில் தட்டியதை அவள் விரல் உணர்ந்தது, என் கால் உணரவில்லை. அந்த விரலின் எலும்பு வரை சீழ் போய்விட்டது. சர்க்கரை முந்நூற்றுப் பத்து. வெள்ளிக்கிழமை அந்த ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் பத்து நாள் தள்ளியிருந்தால் முழங்காலுக்குக் கீழே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாள்.

இப்போது இன்னொன்று எழுத வேண்டும். என் கட்டில் சன்னலுக்குப் பக்கத்தில். அங்கிருந்து பார்த்தால் கட்டுப்போடும் கொட்டகை தெரியும். லலிதா ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொருவராக வந்து எதிரே உட்கார்ந்து, காலைத் தூக்கி அவள் மடியில் வைக்கிறார்கள். விரலே இல்லாத கால்கள், உளி பட்ட மரக்கட்டை மாதிரி. அவள் புறங்கையை ஒவ்வொரு பாதத்திலும் வைத்துச் சூடு பார்க்கிறாள். கழுவி, மரத்த தோலைச் சீவி, எண்ணெய் தடவுகிறாள். நடுவே ஏதோ பேசுகிறாள், அவர்கள் சிரிக்கிறார்கள். கருவறையில் அபிஷேகத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். என் இருபத்திரண்டு ஓட்டத்திலும் இப்படி அசையாமல் நின்று எதையும் பார்த்ததில்லை.

இவளை நான் ஊரில் என்னவென்று சொல்லிவைத்தேன்? வடக்கே கண் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று. இருபத்தாறு வருஷமாக.

பகவதியப்பன்


தோவாளை
13.5.2025

அத்தானுக்குப் பார்வதி எழுதுவது. கன்று துள்ளுகிறது. கால் கட்டை நனைக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தை முழுக்கப் படித்தேன். நீங்கள் மட்டுமா, நானும்தான் கண் ஆஸ்பத்திரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று பக்கத்து வீட்டு செல்லபாய் அக்கா பூக் கட்டிக்கொண்டே, "அண்ணாச்சிக்கு ஆப்பரேசன் எந்தக் கண்ணுலட்டி?" என்று கேட்டாள். "கண்ணுல இல்லக்கா, கால்ல. அது குஷ்டரோக ஆஸ்பத்திரி. லலிதா அங்கதான் இருக்கா, அம்புட்டு வருசமா" என்றேன். பூவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். "ஒட்டுச் சுவருதான நமக்குள்ள. இத இப்பந்தான் சொல்லுதியா?" என்றாள். பூவை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "எனக்கும் வலது காலு மரத்துக் கெடக்கு. லலிதாட்ட கேட்டுச் சொல்லுட்டி" என்றாள்.

கேட்டுச் சொல்லுங்கள்.

பார்வதி


தோவாளை
21.9.2025

அன்புள்ள தங்கை லலிதாவுக்கு,

அண்ணன் நலம். உன் நலத்தை ரெஜிஷா டாக்டரிடமும் விசாரித்துக்கொண்டேன், நீ உண்மையைச் சொல்ல மாட்டாய் என்பதால்.

புண் மூடிவிட்டது. நீ சொன்னபடி காலையில் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தைப் பார்க்கிறேன். ஆறும்போது தினமும் பார்த்தேன். அடியிலிருந்து சிவப்புச் சிவப்பாக, நாற்று முளைக்கிற மாதிரி சதை எழும்பி வந்தது. நான் உரம் போடவில்லை, தண்ணீர் பாய்ச்சவில்லை. நான் தூங்கும்போதும் அது வேலை செய்திருக்கிறது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தது மட்டும்தான் என் பங்கு. உங்கள் ஆஸ்பத்திரியில் தைத்துக் கொடுத்த ரப்பர் செருப்பை வீட்டுக்குள்ளும் போடுகிறேன். போடுமுன் தட்டி உதறிவிட்டுத்தான் காலை விடுகிறேன். வருகிற சிவராத்திரிக்கு ஓட்டம் இல்லை. திருநட்டாலத்துக்குப் பஸ்ஸில் போவேன்.

லலிதா, நீ வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் சுசீந்திரத்திலிருந்து ஒரு இடம் வந்ததே. பெண் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று அவர்கள் எழுதிக் கேட்டார்கள். நான் அதற்குப் பதிலே போடவில்லை. அவர்களாகவே விலகிக்கொண்டார்கள் என்று உன்னிடம் சொன்னேன்.

சித்தப்பா மகள் கல்யாணத்தில், நீ வேலை செய்யும் இடம் யார் மூலமோ சில பேருக்குத் தெரிந்துபோய், பந்தியில் உன் இரண்டு பக்கமும் இலை காலியாக இருந்தது. நான் பார்த்தேன். பார்க்காதவன் போலச் சாம்பார் வாளியோடு அடுத்த வரிசைக்குப் போனேன். அதற்கப்புறம் நீ ஒன்பது வருஷமாக ஊருக்கு வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எழுதுகிறாய். நானும் சரி என்று எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வா. செல்லபாய் ஒருத்தி மட்டும் இல்லை, கால் மரத்தவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். மாட்டுப்பொங்கல் கழிந்த மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒரு அறை கேட்டிருக்கிறேன். நீ யார், எங்கே வேலை செய்கிறாய் என்று நானே ஊரில் சொல்லிவிட்டேன். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

அண்ணன்,
பகவதியப்பன்


திருவண்ணாமலை மாவட்டம்
19.11.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? வேலை அதிகம், அதனால் எழுதவில்லை என்று சொல்லலாம். அது பொய்.

நீங்கள் எழுதியதில் ஒரு பக்கத்தை நிறைய முறை படித்தேன். அதைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை.

செல்லபாய் அக்காவை வெந்நீரில் கால் முக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சூடு தெரியாது, வெந்துவிடும்.

ஜனவரி பதினான்காம் தேதி வருகிறேன். யாரும் வராவிட்டால் நீங்கள் வருத்தப்படக்கூடாது. எனக்குப் பழக்கம்தான்.

லலிதா


திருவண்ணாமலை மாவட்டம்
21.1.2026

அன்புள்ள அண்ணனுக்கும் மைனிக்கும்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மைனி கட்டிக் கொடுத்த முந்திரிக்கொத்துப் பலகாரத்தை வார்டில் எல்லாருக்கும் கொடுத்தேன். சுகமாக இருக்கிறேன். இந்த முறை நிஜமாகவே.

கிளம்பும்போது எனக்குப் பேச வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அன்று காலை பள்ளிக்கூடத்தில் நான் தண்ணீர்ச் சட்டியும் துணியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் கொடுத்தனுப்பிய நரம்பு கையில் இருந்தது. அறைக்குள் யாரும் இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் நிறையப் பேர் நின்றார்கள். ஒருவரும் படி ஏறவில்லை. பந்தியில் பார்த்த அதே முகங்கள். ஒன்பது வருஷம் கூடியிருந்தது, அவ்வளவுதான். சட்டியை ஓரமாக எடுத்து வைத்துவிடலாமா என்று நினைத்தேன்.

அப்போதுதான் அண்ணா, நீங்கள் வந்து எதிரே உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, விரல் போன காலைத் தூக்கி என் மடியில் வைத்தீர்கள். அத்தனை பேரும் பார்க்க. அண்ணன் கால் தங்கை மடியில் இருக்கிறதே என்று நான் கூசினேன். நீங்கள் கூட்டத்தைப் பார்த்து, "நல்லா பாத்துக்கிடுங்க. ஆணி ஏறினது எனக்குத் தெரியல. நான் அத அருளுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். மிச்சக் கால இவதான் காப்பாத்தினா" என்றீர்கள். காது கேட்காதவர் பேச்சு, கொஞ்சம் சத்தமாகவே இருந்தது. ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

அடுத்து செல்லபாய் அக்கா வந்தார். "தள்ளும் அண்ணாச்சி, எனக்குப் பூ மார்க்கெட்டுக்குப் போணும்" என்றார். அவரைத் தொடர்ந்து வள்ளிநாயகம் அண்ணன், அவர் மனைவி, பஸ் டிரைவர் ராஜகுமார், அவர் அம்மா. அப்புறம் நான் பெயர் கேட்பதை விட்டுவிட்டேன்.

அறுபத்து மூன்று பேர் வந்தார்கள் அண்ணா. வயல் சேறு நகத்திடுக்கில் காய்ந்த கால்கள், மார்க்கெட்டில் நின்று நின்று நரம்பு முடிச்சிட்டவை, மருதாணி போட்டவை. கண்ணை மூடச் சொன்னால் ஒவ்வொருவரும் சாமி கும்பிடுகிற மாதிரி மூடினார்கள். "ஆமா", "ஆமா" என்று சொல்லச் சொல்ல எனக்குள் ஏதோ நிறைந்தது. பதினொரு பேர் சொல்லவில்லை. அவர்களில் இரண்டு பேருக்கு அடியில் புண் இருந்தது, அவர்களுக்கே தெரியாது. அன்று மதியமே நீங்கள் அவர்களை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனீர்கள். இருவருக்கும் விரல் தப்பும் என்று டாக்டர் சொன்னதாக மைனி போனில் சொன்னார்.

நம் ஊரில் என் பக்கத்து இலையில் உட்கார யாரும் துணியாததை நான் பார்த்திருக்கிறேன். அதே ஊர் அன்று, ஒருவர் பின் ஒருவராக, காலை என் மடியில் வைத்தது. பல வருஷம் கழித்து வீட்டுக்கு வந்தவர் பையை இறக்கி வைப்பது போல வைத்தார்கள். யாரும் என் கையைப் பார்க்கவில்லை. எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று.

வந்து நான்கு நாள் ஆகிறது. இன்னும் என் மடியில் அந்தக் கனம் இருக்கிறது. முக்காலியை விட்டு எழுந்தால் இறங்கிவிடுமோ என்று, எழுந்துகொள்ள மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் காலைத் தினமும் பாருங்கள்.

அன்புத் தங்கை,
லலிதா